எகிறாத குண்டு

முதலில் வந்தது இரும்புக் கம்பி. வரவேற்பு அதற்குப் பிறகுதான்.

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த உதவியாளன் கொசுவின் காதுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பறந்த கம்பி, பின்னாலிருந்த கட்டைச் சுவரில் மோதிக் கீழே விழுந்து ஓலமிட்டது. கொசு குனிந்தபடியே காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தது.

"எவ்வளவு பாசம் பாருங்க பாஸ். கிட்ட வர்ற வரைக்கும் பொறுக்காம அங்கிருந்தே அனுப்பிட்டாங்க."

மனைவி போனதிலிருந்து துப்பறிவாளரின் பேச்சு பாதியாகிவிட்டது. மீதிப் பாதியையும் சேர்த்துக் கொசுதான் பேசிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான அவனுக்கு வீட்டில் வாயைத் திறக்கும் வாய்ப்புக் கிடையாது. உத்தியோகம் என்று ஒன்று இருப்பதே பேசத்தான் என்பது அவன் கட்சி.

பழைய இரும்பு உடைக்கும் கிடங்கு அது. ஒரு பக்கம் துருப்பிடித்த இயந்திர உடல்கள், இன்னொரு பக்கம் கழற்றிப் போட்ட வண்டி அச்சுகள், நடுவே ஒரு குழி. குழியைச் சுற்றித் தோள் உயரத்துக்குத் தடித்த மரக்கட்டைகளை அடுக்கிய சுவர். எல்லாவற்றுக்கும் மேலே, உயரத் தண்டவாளத்தில் ஓடும் ராட்சதக் கிரேன். அதன் வடத்தின் முனையில் ஒரு மின்காந்தம். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள எஃகுக் குண்டு. வார்ப்பிரும்பின் மேல் அதை உயரத்திலிருந்து போட்டு உடைப்பார்கள். தூக்கு, விடு, உடை. அவ்வளவுதான் தொழில்.

இன்று காலை அந்தக் குண்டு ஒரு மனிதரின் தலையையும் உடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

செத்தவர் பெரிய முதலாளி. சுவருக்கு வெளியே தார்ப்பாயின் கீழ் கிடந்தார். குண்டைப் போட்டவன் கிரேன் ஓட்டுநர். மேலேயே உட்கார்ந்திருப்பதால் எல்லோரும் அவனைக் 'கழுகு' என்பார்கள். இப்போதும் மேலேதான் இருந்தான். கூண்டின் இரும்புத் திரையைச் சாத்திக்கொண்டு, ஏணியின் அடிக்கு நேர் மேலே குண்டைத் தொங்கவிட்டிருந்தான். ஏற நினைப்பவன் முதலில் அதன் நிழலில் நிற்க வேண்டும். கீழே கம்பியும் சம்மட்டியுமாக முப்பது நாற்பது பேர். அவர்களுக்கு முன்னால், கண் சிவந்து, சட்டை முழுக்க அண்ணனின் ரத்தத்தோடு சின்ன முதலாளி.

அவர்தான் சொன்னார். நேற்று எல்லோர் முன்னாலும் அண்ணன் கழுகைக் கன்னத்தில் அறைந்தாராம். வேலையில் வேகம் போதவில்லை என்று. இன்று அவன் வேண்டுமென்றே கோணலாகக் குண்டைப் போட்டு எகிற வைத்துக் கணக்குத் தீர்த்துவிட்டானாம். போலீஸ் ஜீப் வந்து சேருவதற்குள் அவனைக் கீழே இறக்கப்போவதாகவும் சொன்னார். எப்படி என்று கொசு கேட்டான். சின்ன முதலாளி, டீக்கொட்டகைக்கு வெளியே நின்ற கம்பத்தைக் காட்டினார். கம்பத்தில் மெயின் சுவிட்ச்.

"அதை இழுத்தா காந்தம் செத்துடும். குண்டு விழுந்துடும். அப்புறம் அவன்கிட்ட என்ன இருக்கு? ஏறிப் போய்க் காலைப் புடிச்சு இழுத்துக் கீழ போடுவோம். அவனும் எகிறுறானான்னு பார்ப்போம்."

துப்பறிவாளரைக் கூப்பிட்டவள் கழுகின் மனைவி. அவளும் இதே கிடங்கில்தான் வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு இரும்பையும் சின்னச் சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, மஞ்சள் சாக்பீஸால் குறி போடுவாள். வட்டம் போட்டால் வார்ப்பிரும்பு, குழிக்குப் போகலாம். பெருக்கல் போட்டால் எஃகு, குண்டுக்கு உடையாது, கேஸ் வைத்து அறுக்க வேண்டும். கிடங்கே அவளைச் 'சாக்பீஸ் அக்கா' என்றுதான் கூப்பிடும். இதே கிடங்கில் செம்புக் கம்பித் திருட்டைத் துப்பறிவாளர் கண்டுபிடித்துக் கொடுத்த நாளிலிருந்து அவருடைய நம்பரை அவள் வைத்திருந்தாள்.

"விபத்து சார்," என்றாள். குரல் வறண்டிருந்தது. "குண்டு எகிறிடுச்சு. சுவரைத் தாண்டி வந்து அவர் தலையை உரசிட்டுத் திரும்பக் குழிக்குள்ளயே விழுந்துடுச்சு. போன வருஷம் என் தம்பி இதே குழியில இப்படித்தான் போனான். நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. விபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

தம்பி கதையைப் பக்கத்திலிருந்தவன் கொசுவின் காதில் போட்டான். வார்ப்பிரும்பு என்று நினைத்து எஃகின் மேல் குண்டைப் போட்டுவிட்டார்கள். எகிறிய குண்டு அவனை மரக்கட்டையோடு சேர்த்து நசுக்கியது. அந்த எஃகுக்கு வட்டம் போட்டது அக்காதான். தம்பியைக் கொன்ற கை என்று அவள் காதுபடவே பேசியவர்கள் உண்டு. அவளும் அதை மறுத்ததில்லை.

துப்பறிவாளர் சுவரோரம் போய்க் குழியை எட்டிப் பார்த்தார். பழைய லேத் மெஷினின் அடிப்பாகம் ஒன்று மூன்று துண்டாகக் கிடந்தது. உடைந்த முகங்கள் புத்தம் புதுசாகப் பளபளத்தன.

"காலையில போட்டது இதுதானா?"

அதேதான் என்றாள் சாக்பீஸ். ஒரே போடில் உடைந்துவிட்டது என்றாள். சொன்னபின் உதட்டைக் கடித்துக்கொண்ட மாதிரி கொசுவுக்குத் தோன்றியது.

கம்பிகளுக்கு நடுவில் நின்று நாக்கு ஒட்டிக்கொண்டதால் கொசு டீக்கொட்டகைக்கு நடந்தான். பலகையின் மேல் வரிசையாக டீ கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் டீ ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. ஒன்றை எடுக்கப்போனான். டீ மாஸ்டர் கையைத் தட்டிவிட்டார்.

"அது காலையில ஊத்தினதுப்பா."

"காலையில ஊத்தினதை இன்னும் வச்சிருக்கீங்களே, பரம்பரைச் சொத்தா?"

டீ மாஸ்டர் முறைத்தார். குண்டு போடும்போது எல்லோரும் குழியை விட்டு விலகிக் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். வந்து நிற்பவர்களுக்கு டீ ஊற்றுவது அவர் சட்டம். இன்றைக்கும் ஊற்றினார். குண்டு விழுந்தது. அக்கா கத்தினாள். எல்லோரும் கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு ஓடினார்கள். அப்புறம் யாருக்கு டீ குடிக்க மனசு வரும்?

"வச்சுட்டுத்தான் ஓடினாங்களா? போட்டுட்டு இல்லையே?" பின்னாலிருந்து கேட்டவர் துப்பறிவாளர். எப்போது வந்தார் என்று கொசுவுக்கே தெரியவில்லை.

"வச்சுட்டுத்தான். எதுக்குப் போடணும்? ஒத்தச் சத்தம்தானே கேட்டுச்சு."

அப்புறம்தான் டீ மாஸ்டர் விளக்கினார். குண்டு ஒருமுறை 'தொம்' என்று விழுந்து அடங்கினால் இரும்பு உடைந்தது என்று அர்த்தம், டீயைக் குடிக்கலாம். 'தொம்' கேட்டு, ஒரு மூச்சு விட்டு இன்னொரு 'தொம்' கேட்டால் குண்டு எகிறிவிட்டது. முதல் சத்தத்திலேயே கிண்ணென்று ஒரு வித்தியாசம் இருக்கும். அது காதில் பட்டவுடன் கையில் குழந்தை இருந்தாலும் அதோடு குப்புறப் படுத்துவிடுவார்கள். சாக்பீஸின் தம்பி போன அன்று இந்தப் பலகையில் ஒரு கிளாஸ்கூட மிஞ்சவில்லை.

துப்பறிவாளர் ஆடை கட்டிய டீயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தை நோக்கி நடந்தார்.

"குண்டு எகிறலை," என்றார்.

அடுத்த கணம் யாரோ ஒருவனின் முழங்கை கொசுவின் வாயில் இறங்கியது. துப்பறிவாளரை அடிக்கக் கை வரவில்லை போலிருக்கிறது; மிச்சமிருந்தவன் கொசுதான். உதடு கிழிந்து ரத்தம் உப்புக்கரித்தது. அவன் துப்பினான். ஒரு பல் ஆடியது.

"என் அண்ணன் தலையைப் பாருய்யா, அப்புறம் பேசு," என்று கத்தினார் சின்ன முதலாளி.

"நீங்க பார்த்தீங்களா?"

முதல் பார்வையிலேயே தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டவர் சின்ன முதலாளிதான்.

துப்பறிவாளர் நிதானமாகப் பேசினார். கொசுவுக்குத் தெரிந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அபூர்வம். "குண்டை மேல தூக்குறோம். கிரேன் பட்ட பாடு அத்தனையும் குண்டுக்குள்ள போய் உக்காந்துடுது. விட்டா அது வேகமா மாறும். கீழ வந்து அடிச்சதும் அந்த வேகம் எங்கயாவது போயாகணும். கொஞ்சம் சத்தமாப் போகும், கொஞ்சம் சூடாப் போகும். இரும்பு உடைஞ்சா, உடைக்கிறதுலயே பெரும்பாலும் தீர்ந்துடும். உடையலன்னா இரும்பு அதைத் திருப்பி மேல தள்ளும். குண்டு எகிறும். உள்ள மெஷின் மூணாப் பிளந்து கிடக்கு. பிளக்கவும் செஞ்சு, சுவரைத் தாண்டிக் குதிக்கவும் அதுகிட்ட பலம் ஏது?"

"என் மாமனார் மாதிரி," என்றான் கொசு, உதட்டைப் பிடித்துக்கொண்டு. "கோபம் வந்தா ஒண்ணு தட்டை உடைப்பாரு, இல்ல என்னை உதைப்பாரு. தட்டு உடைஞ்ச சத்தம் கேட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

உடைத்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கலாமே என்றான் ஒருவன். மிச்சமிருந்தால் முழங்கால் உயரத்துக்குத் துள்ளும், தோள் உயரச் சுவரைத் தாண்டாது என்றார் துப்பறிவாளர். வாயால் சொன்னால் ஆயிற்றா என்றார் சின்ன முதலாளி.

"சரி. போட்டுப் பார்ப்போம். நான் சொன்னது தப்புன்னா நீங்க சுவிட்சை இழுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். சரின்னா கம்பியெல்லாம் கீழ போகணும்."

பேரம் படிந்தது. படியாதவர்கள் இருவர்தான். போனில் கழுகு மறுத்தான். "வேண்டாம் சார். குண்டு எகிறிச்சு. என் தப்புதான். அப்படியே இருக்கட்டும்." சாக்பீஸும் துப்பறிவாளரின் முன்னால் வந்து நின்று கும்பிடாத குறையாகச் சொன்னாள். விபத்து என்றால் போதுமே, இதெல்லாம் எதற்கு?

கொசுவுக்குப் புரியவில்லை. கழுத்தில் விழுந்த கயிற்றை அவிழ்க்க வந்தவனின் கையைத் தட்டிவிடும் ஆட்களை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"விபத்துன்னு சொன்னா அவங்க நம்ப மாட்டாங்கம்மா," என்றார் துப்பறிவாளர். "உங்க வீட்டுக்காரர் உயிரோட கீழ இறங்கணுமா, வேண்டாமா?"

அவள் மேலே கூண்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரில் சொருகியிருந்த சிவப்புக் கொடியை எடுத்தாள். குண்டு போடலாம் என்று கிரேனுக்குக் கொடி காட்டுவதும் அவள் வேலைதான்.

முதலில் இன்னும் உடைக்காத வார்ப்பிரும்பு ஒன்று. அதை அவளே காட்டினாள். அடுத்து எஃகு. அவள் தூரத்தில் கிடந்த ஒன்றைக் காட்ட, துப்பறிவாளர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்த கனத்த இரும்புக் கட்டையைக் காட்டினார். இது என்ன இரும்பு, தட்டிச் சொல்லுங்கள் என்றார். அவள் கீழே கிடந்த போல்ட் ஒன்றைப் பொறுக்கித் தட்டினாள். கணீரென்றது.

"எஃகு."

"குறி போடலையா?"

"போட்டேன். அழிஞ்சிருக்கு."

துப்பறிவாளரின் பார்வை அவள் இடுப்பில் ஒரு கணம் தங்கி விலகியது. அங்கே சுத்தியலைக் கோத்து வைக்கும் கயிறு தொங்கியது. வெறும் கயிறு.

எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். நான்கு பேர் தார்ப்பாயோடு பெரிய முதலாளியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீ மாஸ்டர் யாரும் கேட்காமலே புது டீ ஊற்ற ஆரம்பித்தார். பழக்கம் பழக்கம்தான்.

கொடி அசைந்தது. கூண்டின் திரை இறங்கியது. சில்லு தெறிக்கும் என்பதால் ஓட்டுநர் திரையைச் சாத்திக்கொண்டுதான் குண்டை விடுவான். விழுவதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. சைரன் அலறியது.

தொம்.

தரை ஒருமுறை அதிர்ந்தது. வார்ப்பிரும்பு பிளந்த ஓசை கூடவே வந்து அடங்கியது. புழுதிக்குள் குண்டு ஒரு துள்ளுகூட முழுதாகத் துள்ளாமல் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. கொட்டகையில் ஒருவன் டீயை உறிஞ்சினான். உறிஞ்சிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது. கிளாஸை மெல்லக் கீழே வைத்தான்.

குண்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கழுகு காந்தத்தால் எஃகுக் கட்டையைக் கவ்விக் குழியில் இறக்கினான். மறுபடி குண்டைத் தூக்கினான். கொடி. திரை. சைரன்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. பெரிய மணி ஒன்றைக் காதுக்குள் வைத்து அடித்தது போல் இருந்தது. அதன் ரீங்காரம் முடிவதற்குள் கொட்டகை முழுவதும் தரையோடு தரையாகக் கிடந்தது. சின்ன முதலாளி முகம் மண்ணில் பதியக் கிடந்தார். கிளாஸ்கள் பலகையிலிருந்து சரிந்து நொறுங்கின. கொசு மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அதனால் பார்த்தான்.

குண்டு, பந்து போல எழும்பியது. அவசரமே இல்லாமல் சுவருக்கு மேலே வந்து, அங்கே ஒரு கணம் யோசிப்பது போல நின்று, வெளிப்பக்கம் இறங்கியது. இரண்டாவது தொம்மில் ஒரு தகரச் சத்தமும் கலந்திருந்தது. அப்புறம் ஒரு சின்னத் துள்ளல். அதைவிடச் சின்னதாய் இன்னொன்று. உருண்டு நின்றது.

"பாஸ்," என்றான் கொசு. "அது நம்ம ஸ்கூட்டர்."

குழிக்குள் எஃகுக் கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் மட்டுமே விழுந்திருந்தது. கொசு இறங்கித் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

கொட்டகையில் எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உடைந்த கண்ணாடியின் மேல் டீ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், பலகையின் மறுகோடியில், காலையில் ஊற்றிய கிளாஸ்களில் மூன்று மட்டும் தப்பி நின்றன. ஆடை கலைந்திருந்தது.

"காலையில ஒண்ணுகூட உடையல," என்றார் டீ மாஸ்டர், தனக்குத்தானே.

கம்பிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சின்ன முதலாளி மட்டும் தன்னுடையதை விடவில்லை. அப்படியானால் அண்ணனை அடித்தது எது என்று கேட்டார். துப்பறிவாளர் குனிந்து தார்ப்பாயை விலக்கினார். காலையில் பார்க்க முடியாததைச் சின்ன முதலாளி இப்போது பார்த்தார். பெரிய முதலாளியின் தலை முழுசாகத்தான் இருந்தது. காதுக்கு மேலே ஒரே ஒரு குழி, ஒரு பித்தான் அளவுக்கு வட்டமாய், ஆழமாய்.

"ஒரு டன் குண்டு இவ்வளவு மரியாதையா அடிக்காது," என்றான் கொசு. அவனுக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

துப்பறிவாளர் செத்தவரின் வலது கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை முழுக்க மஞ்சள் சாக்பீஸ் தூள். சின்ன முதலாளி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

அப்போது மேலிருந்து குரல் வந்தது. கழுகு திரையைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தான்.

"நான்தான் அடிச்சேன். இறங்கி வந்து அடிச்சுட்டு ஏறிட்டேன்."

"நீ இறங்கலை," என்றார் துப்பறிவாளர் நிமிராமலே. "இறங்கியிருந்தா உன்னை ஏணியில கொட்டகையில இருந்த அத்தனை பேரும் பார்த்திருப்பாங்க; சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவங்க கண்ணுக்கு மறைவு. திரையைச் சாத்துறதுக்கு முன்னாடி நீ மேல இருந்து பார்த்தே. அவ்வளவுதான். பார்த்துட்டு, அதை மறைக்கத்தான் குண்டை விட்டே."

கொசு அப்போதுதான் அந்த வெறும் கயிற்றைப் பார்த்தான்.

சாக்பீஸ் கொடியைச் சுருட்டிக் கீழே வைத்தாள். அழவில்லை.

"சுத்தியல் குழிக்குள்ள கிடக்கு. இரும்புக்கு அடியில," என்றாள். "கொடி காட்டத் திரும்பினேன். இவர் அந்தக் கட்டைகிட்ட குனிஞ்சு நின்னாரு. நான் போட்ட பெருக்கலை உள்ளங்கையால தேச்சு அழிச்சுட்டு, வட்டம் போட்டுக்கிட்டு இருந்தாரு. அறுத்தா ஒரு நாள் ஆகும், குண்டு போட்டா ஒரு நிமிஷம்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "போன வருஷமும் நான் பெருக்கல்தான் போட்டேன். என் தம்பிக்கு. நான் தப்பாப் போடல. ஒரு வருஷமா என் கையை நானே வெட்டிக்கலாமான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் தப்பாப் போடல."

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கம்பி பறந்து வந்தது. அவள் தோளில் எலும்பு முறியும் ஓசை கொசுவுக்குக் கேட்டது. அவள் முழங்காலில் விழுந்தாள். கீழே போட்ட கம்பிகளைத் தேடிக் கைகள் மறுபடி குனிந்தன. சின்ன முதலாளி ஒரே தாவலில் அவளிடம் வந்து கம்பியை ஓங்கினார். கொசு தன்னையறியாமல் குறுக்கே விழுந்தான். முதல் அடி அவன் முதுகில் இறங்கியது. இரண்டாவது அடி இறங்கவில்லை.

மேலே கிரேன் உறுமிக்கொண்டு ஓடி வந்தது. காந்தம் ஸ்கூட்டர் பக்கத்தில் இறங்கிக் குண்டைக் கவ்வியது. கூடவே நசுங்கிய ஒரு மட்கார்டும் ஒட்டிக்கொண்டது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். குண்டு தலைகளுக்கு மேலே ஊஞ்சல் போல வீசி வந்தது. சின்ன முதலாளி ஓடியது ஒரே திசைதான். கம்பத்தை எட்டி, மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

குண்டும் அங்கே போய் நின்றது. அவர் தலைக்கு நேர் மேலே.

கிடங்கில் மின்காந்தத்தின் முனகல் மட்டும் கேட்டது. கைப்பிடியை இழுத்தால் காந்தம் சாகும். காந்தம் செத்தால் குண்டு வரும். விட்டு ஓடினால் குண்டு கூடவே வரும். சின்ன முதலாளி மேலே பார்த்தார். மட்கார்டு ஆடிக்கொண்டிருந்தது.

துப்பறிவாளர் கைகளைத் தொங்கவிட்டபடி அவரிடம் நடந்தார். அவரும் குண்டின் நிழலுக்குள் போய் நின்றார். கொசுவுக்கு முதுகு வலி மறந்துபோனது.

"உங்க அண்ணன் ஒரு அடியை மேல தூக்கி வச்சாரு," என்றார். "அது அவ தம்பி மேல விழுந்தது. அங்க நிக்கல. எகிறி உங்க அண்ணன் மேலயே வந்தது. அங்கிருந்து அவ தோளுக்கு, இவன் முதுகுக்கு. இப்ப உங்க கையில இருக்கு. எங்கயாவது போயே ஆகணுங்க அது. இழுக்கணும்னா இழுங்க."

சின்ன முதலாளியின் கை கைப்பிடியில் இறுகியது. கொசு கண்ணை மூட நினைத்தான், முடியவில்லை. அவர் தன் கையையே பார்த்தார். விரல் இடுக்குகளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதன் மேல், அண்ணனின் உள்ளங்கையைப் பிடித்தபோது ஒட்டிய மஞ்சள் தூள். வேட்டியிலோ சட்டையிலோ துடைக்கப் போனவர் போல் கையை எடுத்தார். துடைக்கவில்லை. அப்படியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் அவசரக்காரர்," என்றார். "எதுக்குமே அவருக்குப் பொறுமை கிடையாது."

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. கொசு சாக்பீஸை எழுப்பி நிறுத்தினான். அவள் முறிந்த கையை மறு கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். யாரும் வழி மறிக்கவில்லை. கூண்டுக்கு நேர் கீழே வந்தபோது நின்று மேலே பார்த்தாள். கழுகும் பார்த்தான். அவள் நல்ல கையை உயர்த்தி, கொடி இல்லாமலே, இறக்கு என்று சைகை காட்டினாள்.

அவள் ஜீப்பில் ஏறிக் கதவு சாத்தும் வரை குண்டு அசையவில்லை. பிறகு கிரேன் ஓரமாக நகர, வடம் மெல்லத் தளர்ந்தது. இவ்வளவு மெதுவாக அந்தக் குண்டு இறங்கி அந்தக் கிடங்கு பார்த்ததில்லை. சின்ன முதலாளிக்கு எட்டடி தள்ளி, தூங்கும் பிள்ளையைப் படுக்கையில் கிடத்துவது போல அது மண்ணைத் தொட்டது.

சத்தமே வரவில்லை. பழக்க தோஷத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்கள். எழுந்துகொள்ளலாம் என்று அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.